மெய்யில் எழுதியதெல்லாம் மெய்யா?

கண் பொய் சொல்லும். காது பொய் சொல்லும். நாவோ, பொய் சொல்வதற்கென்றே பிறந்ததோ என்று எண்ணும்படி சில வேளைகளில் நடந்துகொள்ளும். இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆனால், நினைவு? நேற்று நடந்ததை இன்று எடுத்துரைக்கும் நெஞ்சு? அதுவுமா பொய் சொல்லும்? ஆம், சொல்லும் என்று அடித்துப் பேசுகின்றன ஒரு வகைத் திரைப்படங்களும் நாவல்களும். தன் பெயரை மறந்தவன், தன் குற்றத்தை மறந்தவன், தான் காண்பது உண்மையா, உண்மையின் உடை உடுத்தி வந்த பொய்யா என்று தெரியாமல் தவிப்பவன் ஆகியோரே அக்கதைகளின் தலைவர்கள். கொலைகாரனைத் தேடிப் புறப்படுகிறான் ஒருவன். தேடுகிறான், தேடுகிறான், தேடத் தேட அவன் நீட்டிய விரல் வளைந்து வந்து அவன் மார்பையே சுட்டுகிறது!

"கொலைப் படமும் திகில் படமும் பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுதவா கிளம்பிவிட்டீர்? சீர்திருத்தம் பேச வேறு பொருளா இல்லை?" என்று நம்மோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் கணக்காசிரியர் கேட்டார். நல்ல நண்பர்தான்; ஆனால், இரண்டும் இரண்டும் நான்கு என்பதற்கு அப்பால் எதையும் ஐயுறாதவர். சீர்திருத்தத்தின் முதற் பாடமே ஐயுறுதல் அன்றோ தோழர்களே? பிறர் சொன்னதை ஐயுறுவது எளிது. பகைவர் சொன்னதை ஐயுறுவது அதனினும் எளிது. அதற்கு மேடையிலே கைதட்டலும் கிடைக்கும். தன் நெஞ்சு சொன்னதை ஐயுறுவது எத்துணை அரிது! அந்த அரிய பாடத்தை இரண்டு மணி நேரத்தில் இருளிலே உட்கார வைத்து நடத்திவிடுகின்றன இப்படங்கள் என்பதால்தான் எழுதுகோலை எடுத்தோம்.

இவ்வகைக் கதை நேற்று முளைத்ததன்று. 1920-ல் ஜெர்மனியில் ராபர்ட் வீன என்பார் இயக்கிய 'டாக்டர் காலிகாரி' என்ற ஊமைப்படத்திலேயே, கொலைக் கதையை நமக்குச் சொல்லிவந்தவன் மனநோய் விடுதியில் இருப்பவன் என்று முடிவிலே தெரியவருகிறது. அதுவரை நம்பிய அத்தனையும் ஆட்டங் காண்கிறது. 1945-ல் ஹிட்ச்காக் எடுத்த 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில், நினைவிழந்த ஒருவன் தானே கொலை செய்தவனோ என்று அஞ்சி நடுங்குகிறான். டெனிஸ் லெஹேன் 2003-ல் எழுதி, மார்ட்டின் ஸ்கார்செசி 2010-ல் படமாக்கிய 'ஷட்டர் ஐலண்ட்' இதே குடும்பத்துப் பிள்ளை. தமிழிலும் 1954-லேயே 'அந்த நாள்' வந்தது. ஒரே சாவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, பாட்டென்று ஒன்றுகூட இல்லாமல், வீணை எஸ். பாலச்சந்தர் எடுத்த படம்! பாட்டில்லாத படமா என்று கேட்ட நாட்டில், எழுபது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு துணிவு இருந்தது என்பதை இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

நம்மை உறங்கவிடாமல் செய்த படம் 'மெமெண்டோ'. 2000-ல் வெளிவந்தது. தம்பி ஜொனாதன் நோலன் கதை தர, அண்ணன் கிறிஸ்டோபர் நோலன் இயக்கினார். லெனார்டு என்பவன் கதைத் தலைவன். அவன் மனைவி தாக்கப்பட்ட இரவில் அவன் தலையிலும் அடி விழுந்தது. அந்த அடிக்கு முன் நடந்ததெல்லாம் நினைவிருக்கிறது. பின் நடப்பது எதுவும் நிற்பதில்லை. சில நிமிடங்கள் கழிந்தால் எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாது. அவன் என்ன செய்கிறான்? கண்டவரையெல்லாம் உடனுக்குடன் படமெடுத்து, படத்தின் அடியில் நண்பன், நம்பாதே என்று குறித்துக்கொள்கிறான். மிகமிக இன்றியமையாத செய்திகளைத் தாளில் எழுதினால் தொலையும் என்று தன் உடம்பிலேயே பச்சை குத்திக்கொள்கிறான். மனைவியைக் கொன்றவனின் அடையாளங்கள் அவன் மார்பிலும் கையிலும் தொடையிலும் கருத்துக் கிடக்கின்றன.

கதை பின்னோக்கி ஓடுகிறது. முதலில் விளைவு, பிறகு காரணம். ஒவ்வொரு வண்ணக் காட்சியும், தனக்கு முன் என்ன நடந்தது என்று அறியாமலே தொடங்குவதால், பார்க்கும் நாமும் லெனார்டாகிவிடுகிறோம். 'இவன் ஏன் ஓடுகிறான்? துரத்துகிறானா, துரத்தப்படுகிறானா?' அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கைப்பேசியின் சிறு திரையிலேதான் பார்த்தோம். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது எந்தக் காட்சியில் விட்டோம் என்று நமக்கே குழப்பம்!

ஆனால், அந்தத் தலைகீழ் அமைப்பைக் காட்டிலும் நம் நெஞ்சைத் தைத்தது அதன் முடிவுதான். லெனார்டை ஏய்ப்போர் பலர் இருக்கிறார்கள். மறதியுள்ளவனை ஏய்ப்பதற்கு மறத்தமிழனின் வீரமா வேண்டும்? எவனும் ஏய்க்கலாம். ஏய்த்தவர்களிலெல்லாம் பெரிய ஏமாற்றுக்காரன் யார் தெரியுமா? லெனார்டேதான்! பழி முடிந்துபோயிற்று என்று ஒருவன் உண்மையைச் சொல்கிறான். அந்த உண்மை லெனார்டுக்குக் கசக்கிறது. பழி முடிந்தால் வாழ்வுக்குப் பொருள் ஏது? உடனே ஒரு படத்தை எரிக்கிறான். தனக்குப் பிடிக்காத அம்மனிதனின் கார் எண்ணைக் கொலைகாரனின் கார் எண் என்று குறித்துவைக்கிறான். இன்னும் சில நிமிடங்களில் தான் இதை மறப்போம், நாளை தன் கையெழுத்தைத் தானே கண்டு நம்புவோம், அந்நம்பிக்கையில் ஒருவனைக் கொல்வோம் என்பதெல்லாம் தெரிந்தே எழுதுகிறான். பிறகு அது பச்சையாகி உடம்பில் ஏறுகிறது.

தமிழிலே மெய் என்றால் உடம்பு; மெய் என்றால் உண்மை. மெய்யின் மேல் எழுதிய எழுத்தை மெய்யெழுத்து என்றே நம்பி ஊர் ஊராக அலைகிறான் அம்மனிதன். எழுதிய கை எந்த நோக்கத்தோடு எழுதிற்று என்று அவனால் கேட்க முடியவில்லை. 'ஏட்டிலே எழுதியிருக்கிறது, எனவே உண்மை' என்ற சொல்லை எத்தனை நூற்றாண்டாகக் கேட்டுவருகிறோம்! எழுதியவன் யார், எப்போது எழுதினான், எழுதியதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டவர்களை எப்படியெல்லாம் ஏசினார்கள்! ஒரு நாட்டின் நினைவும் லெனார்டின் தோலைப் போன்றதுதான். மறக்கத் தெரிந்தவன் கையில் ஊசி இருந்தால், எதை வேண்டுமானாலும் குத்திவிடலாம். தலையெழுத்து என்று சொல்லி ஒரு கூட்டத்தையே தலைகுனிய வைத்தவர்கள், முதலில் அந்த எழுத்தைத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள் அல்லவா?

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் எடுத்த 'கஜினி' படத்தை எண்ணிப் பார்க்கிறோம். 2005-ல் ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில், சூர்யாவும் அசினும் நடிக்க வெளிவந்து பெருவெற்றி பெற்ற படம். பச்சை குத்திய மார்பு, அடிக்குறிப்பிட்ட படங்கள், பதினைந்து நிமிடத்திற்கு மேல் நில்லாத நினைவு ஆகிய யாவும் 'மெமெண்டோ'விலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. காதற் பகுதி அருமை. அசினின் குறும்பு இன்றும் அலுக்கவில்லை. நம் மாணவிகள் இன்றும் அதைப் பேசிச் சிரிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பச்சையை எடுத்துக்கொண்டவர்கள் ஐயத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்! சஞ்சய் ராமசாமியின் மார்பில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை. அவன் தேடுபவன் உண்மையாகவே கொடியவன். எழுத்து பிழைக்கவில்லை, எழுதியவன் பிழைக்கவில்லை, எனவே அடி, உதை, பழி, மங்கலம். நமக்கு ஒரு குறையும் இல்லாத தலைவன்தான் வேண்டும் போலும். தலைவனே பொய்யனாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தாங்க நம் கொட்டகைகள் 2005-ல் ஆயத்தமாக இல்லை. இயக்குநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டு வாங்குகிறவர்கள் நாம்தாமே!

பொதுவாகத் திரையுலகின் மறதி வேறு, மருத்துவ உலகின் மறதி வேறு. நம் படங்களில் தலையில் ஓர் அடி விழுந்தால் நினைவு போகும். அதே இடத்தில் இன்னோர் அடி விழுந்தால் திரும்பிவரும். பழுதான வானொலிப் பெட்டியைத் தட்டிப் பாட வைப்பது போல! சில படங்களில் அடிகூட வேண்டாம். கோயில் மணி ஒலித்தாலே போதும், குழந்தைப் பருவத்திலிருந்து வரிசையாக எல்லாம் வந்து நிற்கும். இந்த இரண்டாவது அடி மருத்துவம் நமக்கு மட்டும் உரியதன்று; ஹாலிவுட்டிலும் உண்டு. 2004-ல் சாலி பாக்ஸண்டேல் என்ற நரம்பு உளவியலறிஞர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தகைய படங்களை ஆராய்ந்து நகைத்திருக்கிறார். பெரும்பாலானவை மருத்துவ உண்மைக்குப் புறம்பானவை என்று சொன்ன அவர், உண்மையை ஒட்டியவை என்று பாராட்டிய மிகச் சிலவற்றுள் ஒன்று 'மெமெண்டோ'. இன்னொன்று எது தெரியுமா? 'ஃபைண்டிங் நீமோ' என்ற குழந்தைகள் படத்தில் வரும் டோரி என்ற மறதிக்கார நீல மீன்! அறிவியல் எங்கே குடியிருக்கும் என்று யார் கண்டார்?

அறிவியல் அறிந்த உண்மையான லெனார்டு ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலேசன். கடும் வலிப்பு நோயால் வாடியவர். 1953-ல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இருபுறத்திலிருந்தும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை அகற்றினார். கடற்குதிரையின் வடிவத்தை ஒத்திருப்பதால் கிரேக்க மொழியில் அதற்கு அப்பெயர். வலிப்பு பெரிதும் குறைந்தது; ஆனால் புதிய நினைவு என்ற வாயில் அன்றோடு அடைபட்டது. பேசுவார், சிரிப்பார், அறிவு மழுங்கவில்லை. ஆனால் நீங்கள் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால், முதன்முறை சந்திப்பவர் போல வரவேற்பார். பிரெண்டா மில்னர் என்ற அறிவியலாட்டி அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1957-ல் ஸ்கோவிலும் அவரும் வெளியிட்ட கட்டுரை, நினைவு மூளையில் எங்கே உருவாகிறது என்ற ஆராய்ச்சியையே திருப்பிவிட்டது. 2008-ல் 82 வயதில் அவர் மறையும் வரை உலகம் அவரை எச். எம். என்ற இரண்டெழுத்தாலேயே அறிந்திருந்தது.

மில்னர் செய்த ஒரு சோதனை நமக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு விண்மீனின் விளிம்பை ஒட்டிக் கோடு வரைய வேண்டும். கை இடமென்றால் பிம்பம் வலமென்னும். முதலில் யாருக்கும் தடுமாறும். மொலேசன் நாள்தோறும் வரைந்தார். மூன்றாம் நாள் தேர்ந்தவர் போல வரைந்தார். ஆனால், இதை முன்னர்ச் செய்ததுண்டா என்று கேட்டால், இல்லை என்பார்! நெஞ்சு மறந்ததைக் கை மறக்கவில்லை. நினைவு என்பது ஒரே பெட்டி அன்று. பல அறைகள் கொண்ட வீடு. ஓர் அறை இடிந்தால் மற்றோர் அறையில் விளக்கு எரியும். ஆன்மா என்ற ஒன்று உள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்போர், அந்த ஆன்மா எந்த அறையில் குடியிருந்தது என்று மொலேசனிடம் கேட்டிருக்கலாம்.

சரி, அது மூளையில் கத்தி பட்டவரின் கதை, நமக்கென்ன என்பீர்கள். நம் மூளையில் எந்தக் கத்தியும் படவில்லை. ஆனாலும் நாமும் லெனார்டுகளே. எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய இருவரும் 1974-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கார் மோதும் படக்காட்சி காட்டப்பட்டது. ஒரு பகுதியினரிடம், கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். மாற்றியது ஒரே ஒரு சொல். ஒரு வாரம் சென்றபின், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவினார்கள். மோதியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றனர். நொறுங்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றனர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! அவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். கேள்வியிலிருந்த ஒரு சொல், நினைவுக்குள் நுழைந்து கண்ணாடியை உடைத்துவிட்டது.

மறக்கவே முடியாத நிகழ்ச்சி என்போமே, அதுவாவது நிற்குமா? 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலறிஞர் தம் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் சொன்னது முதலில் எழுதியதற்கு முற்றிலும் மாறாக இருந்தது. ஆனால் உறுதியோடு சொன்னார்கள்! பழைய தாளை, அவரவர் கையெழுத்திலேயே, எடுத்துக் காட்டினார்கள். அப்போதும் பழைய நினைவு திரும்பவில்லை. உறுதி வேறு, உண்மை வேறு.

இது சோதனைச் சாலையோடு நின்றால் சுவையான செய்தி. வழக்கு மன்றத்தில் நுழைந்தால்? 1984-ல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு பெண் கொடுமைக்குள்ளானாள். கொடியவன் முகத்தை மறக்கலாகாது என்று அந்த நேரத்திலும் உற்றுப் பார்த்துக்கொண்ட நெஞ்சுரம் உள்ளவள். ரொனால்ட் காட்டன் என்ற இளைஞனை அடையாளம் காட்டினாள், ஐயமின்றிக் காட்டினாள். அவனுக்கு ஆயுள் தண்டனை. பத்தாண்டுக்கு மேல் சிறையில் கிடந்தான். 1995-ல் மரபணுச் சோதனை, அவன் அல்லன், வேறொருவன் என்று காட்டியது. அப்பெண் பொய் சொன்னாளா? இல்லை. படங்களைப் பார்த்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அவள் நினைவிலிருந்த முகம் சிறிது சிறிதாகக் காட்டனின் முகமாக மாறியது. பின்னாளில் அவ்விருவரும் நண்பர்களாகி, 2009-ல் சேர்ந்தே நூல் எழுதினார்கள். எந்தத் திகில் படம் இதற்கு ஈடாகும்?

இங்கே நம் இளந்தோழர்களிடம் ஒரு வார்த்தை. பேயைப் பார்த்தேன், சாமியைப் பார்த்தேன் என்று எவரேனும் சொன்னால், 'பொய்யன்' என்று பாய்ந்துவிடுகிறோம். நம் வகுப்பிலே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளிக்குப் பின்னால் உள்ள புளியமரத்தடியில் வெள்ளை உருவத்தைத் தன் அண்ணன் பார்த்ததாக ஆனி மாதத்தில் சொன்னான். ஆடியில் அதே கதை, 'அண்ணனும் நானும் பார்த்தோம்' ஆயிற்று. ஆவணியில், 'நான் பார்த்தேன்!' பையன் பொய்யன் அல்லன். தேர்வில் பிறர் தாளை எட்டிப் பார்க்கக்கூட வெட்கப்படுகிறவன். பத்துப் பேர் பத்து முறை கேட்க, பத்து முறை சொன்னதில், அண்ணனின் கண் அவன் கண்ணாகிவிட்டது. நாம் அவனை அதட்டவில்லை. முதலில் யாரிடம் சொன்னாய், அப்போது என்ன சொன்னாய், அன்று நீ எங்கே இருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். "அன்னைக்கு நான் ஆயா வீட்ல இருந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு அவனே திகைத்து நின்றான். அந்தத் திகைப்பை எந்தப் பாடநூலாலும் தந்திருக்க முடியாது.

இனி, இந்தத் துறையின் இருண்ட மூலைக்கு வருவோம். நினைவு தானாகப் பிழைப்பது ஒன்று. நல்ல நினைவுள்ளவரை நினைவில்லாதவர் என்று நம்பவைப்பது மற்றொன்று. 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கில நாடகாசிரியர் 'கேஸ் லைட்' என்ற நாடகத்தை எழுதினார். 1940-ல் இங்கிலாந்திலும், 1944-ல் ஹாலிவுட்டிலும் அது படமாயிற்று. இரண்டாவதில் இங்க்ரிட் பெர்க்மன் நடித்து ஆஸ்கர் பரிசு பெற்றார். கதை எளியது. கணவன் பொருள்களை ஒளித்துவைத்து, மனைவியே எடுத்து மறந்துவிட்டதாகச் சொல்கிறான். மேல்தளத்தில் புதைந்த நகைகளைத் தேடி இரவில் அவன் அங்கே விளக்கேற்றும்போது, கீழே அவள் அறையின் விளக்கு மங்குகிறது. மங்குகிறதே என்றால், உனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கிறான். எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி அடிப்பதில்லை, வைவதில்லை, அன்பாகவே சொல்கிறான்! நாள் செல்லச் செல்ல அவளும் நம்பத் தொடங்குகிறாள். அந்தப் படத்தின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகி, 'கேஸ்லைட்டிங்' என்று 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015-ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில், குடும்பத்துக்குள் இவ்வாறு அடக்கி ஆள்வது தண்டனைக்குரிய குற்றமாகச் சட்டமே வந்தது.

லண்டன் மாளிகையும் நகையும் எரிவாயு விளக்கும் நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய் வந்து நின்றாள். பின்னாலேயே கணவன். "இவ சொல்றத நம்பாதீங்க சார், இவளுக்கு மறதி. போன வாரம் அடுப்ப அணைக்காமலே படுத்துட்டா. சங்கிலிய இவளேதான் எடுத்துக் குடுத்தா, இப்ப இல்லங்கிறா" என்றான், தலையைத் தடவிக் கொடுக்காத குறையாக. சங்கிலி இரண்டு பவுன், தாய்வீட்டுச் சீர். அவன் சொன்னது நம்மை அதிர வைக்கவில்லை. இப்படிச் சொல்பவர்கள் எத்தனையோ பேர். அவன் டீ குடிக்க வெளியே போனபின், அவள் தாழ்ந்த குரலில் நம்மிடம் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் அதிர வைத்தது. "ஒருவேளை நாந்தான் குடுத்துட்டேனா சார்?"

பத்து நாளில் அவள் மகள் அடகுச் சீட்டை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்து வந்தாள். அதில் நாள் குறித்திருந்தது. அந்த நாளில் அத்தாய் தன் தம்பியின் திருமணத்துக்காக வேறூரில் இருந்தாள். திருமண அழைப்பிதழும் அதே நாளைச் சொல்லிற்று! கேஸ் லைட் படத்தில், துப்பறிய வந்தவரும் விளக்கு மங்குவதைக் கண்டு, ஆம், மங்குகிறது என்று சொல்லும்போது இங்க்ரிட் பெர்க்மனின் முகத்தில் தோன்றும் ஒளியை, அச்சீட்டைக் கையில் பிடித்த அந்தப் படிக்காத தாயின் முகத்தில் கண்டோம். சங்கிலி மீண்டதா என்று கேட்காதீர்கள்; வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மகள் இப்போது ஒரு கோடு போட்ட நோட்டில் வீட்டு வரவு செலவை நாள் போட்டு எழுதுகிறாள். தாய் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கைநாட்டாக இல்லாமல், புதிதாகக் கற்றுக்கொண்ட தன் பெயரை எழுதுகிறாள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடம்பில் படும் அடியை மட்டுமல்லாமல், மனத்தில் படும் அடியையும், பொருளைப் பறிப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது என்பதை அவளிடம் சொல்லியிருக்கிறோம். அந்த வாயிலைத் தட்டுவதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல நினைவுள்ளவளிடம் பொய் சொல்வது கொடுமை. நினைவே நழுவியவரிடம்? இங்கேதான் நமக்கு விடை எளிதில் கிடைக்கவில்லை.

சனி ஞாயிறுகளில் வீட்டுக்குப் போவோம். அங்கே நம் அப்பத்தா இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. மூன்றாண்டுகளாக நினைவு தேய்கிறது. மாலை ஆனால், "பெரியவன் இன்னும் வரலையா?" என்று வாசலைப் பார்ப்பார். பெரியவன், அதாவது நம் பெரியப்பா, இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயிற்று. நம் தந்தை நேர்மையாளர்; உள்ளதை உள்ளபடி சொல்வார். சொன்னால், அப்போதுதான் சேதி வந்தது போல அப்பத்தா மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். அரை மணியில் மறப்பார். மறுநாள் மாலை மறுபடியும் வாசல், மறுபடியும் கேள்வி. மொலேசனுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அவர் பெரிதும் விரும்பிய மாமாவின் மறைவைச் சொன்னபோது துடித்தார், மறந்தார், மாமா எப்போது வருவார் என்று கேட்டார், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புதிதாகத் துடித்தார் என்று மில்னர் எழுதியிருக்கிறார். நம் தாயார், "வெளியூர் போயிருக்காக, நாளைக்கு வந்துருவாக" என்று சொல்லிவிடுவார். அப்பத்தா அமைதியாக உறங்குவார். அதன்மேல் தந்தைக்கும் தாயாருக்கும் அடுப்படியில் வழக்கு.

வானுலகில் இருக்கிறார், வந்துவிடுவார் என்ற ஆறுதற் பொய்களைக் கண்டித்துப் பேசுகிற நாம், யார் பக்கம் நிற்பது? உண்மையைச் சொல்லி நாள்தோறும் ஒரு சாவை நடத்துவதா? பொய்யைச் சொல்லி, மனநிலை தேய்ந்த ஒரு மூதாட்டியைச் சிறு பிள்ளையாக்குவதா? தந்தையின் உண்மையில் இரக்கம் இல்லை. தாயாரின் இரக்கத்தில் உண்மை இல்லை. மேடையிலே இதற்கு விடை சொல்லிவிடலாம், திண்ணையிலே முடியவில்லை. பலநாள் எண்ணியபின், நாம் ஒரு வழியைக் கைக்கொண்டோம். பெரியவன் எங்கே என்று அப்பத்தா கேட்டால், "பெரியப்பா சின்ன வயசுல ரொம்பச் சேட்டையாமே அப்பத்தா?" என்போம். உடனே கண் விரியும். கண்மாயில் நீந்தப் போய் வேட்டியைத் தொலைத்துவிட்டு வாழையிலையைக் கட்டிக்கொண்டு வந்த கதை வரும். நேற்றுச் சொன்ன அதே கதைதான். ஒரு சொல்லும் மாறாது. கதை சொல்லும்போது அவர் கை பனையோலைக் கொட்டான் முடையும். காலையில் சோறு உண்டது நினைவில்லாதவர், ஓலையைக் கிழிக்கும் அளவில் நூலிழை பிசகமாட்டார். மில்னரின் விண்மீனை நம் வீட்டுத் திண்ணையில் நாம் பார்த்தோம்.

சென்ற மாதம் ஒரு மாலை, கதை நடுவில் நின்றது. அப்பத்தா நம் முகத்தையே பார்த்தார்.

"ஏய்யா, எங்கிட்ட ஒண்ணு மறைக்கிறீக. பெரியவன் செத்துப்போயிட்டானா?"

நேரே கேட்டபின் சுற்றி வளைக்க நமக்கு மனம் வரவில்லை. "ஆமா அப்பத்தா" என்றோம்.

"எம்புட்டு நாளாச்சு?"

"பன்னெண்டு வருசம்."

அழுகையை எதிர்பார்த்துத் தாயார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அப்பத்தா அழவில்லை. ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார்.

"நான் அழுதேனாய்யா?"

"அழுதே அப்பத்தா. மூணு நாளு சோறு திங்கல."

"ரெண்டு நாளு" என்று திருத்தினார் தந்தை, திண்ணையின் மறுமுனையிலிருந்து.

"ரெண்டோ மூணோ, அழுதேன்ல" என்று சொல்லிவிட்டு, அப்பத்தா விட்ட இடத்திலிருந்து கொட்டானை முடையத் தொடங்கினார்.